என் நெஞ்சுக்குள் ஏதோ இருக்கிறது

“இருமக் கூடாது” என்றார்கள், இருமலுக்கு வைத்தியம் தேடிப் போன என்னிடம்.

பாரிஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதுகுப் பக்கத்தை உயர்த்தி வைத்த கட்டில். தாதி ஒருத்தி என் தொண்டைக்குள் மருந்து பீச்சினாள். அப்படி ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு தடித்து, வேறு யாருடைய நாக்கோ என் வாய்க்குள் கிடப்பது போலாகிவிட்டது. எச்சில் விழுங்கினேனா என்பதுகூடத் தெரியவில்லை. பிறகு மூக்கு வழியாக ஒரு கறுப்புக் குழாய் உள்ளே போனது. என் சுண்டுவிரலை விட மெல்லியது. நுனியில் வெளிச்சமும் கமராவும்.

குழாயைப் பிடித்திருந்தவர் ஒரு பெண் டொக்டர். குட்டையாக வெட்டிய நரைமுடி, தடித்த கண்ணாடி. நான் அவரை ‘டொக்டர் மதாம்’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தலைமாட்டில் மொழிபெயர்ப்பாளர் லூர்து நின்றார். பாண்டிச்சேரிக்காரர். நல்ல மனிதர். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் சீனி போட்டுத்தான் கொடுப்பார்.

“மூக்கால மூச்சு விடுங்கம்மா. பயப்படாதீங்க. இதோ முடிஞ்சிடும்.”

எனக்குப் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது. இந்தக் குழாய் வரைக்கும் வந்து சேர நான் எத்தனை பேரோடு சண்டை பிடித்திருந்தேன்!

பக்கத்துத் திரையில் என் மூச்சுக்குழாய் தெரிந்தது. கண்ணைச் சரித்துப் பார்த்தேன். வளையம் வளையமாக, இளஞ்சிவப்பாக, ஈரமாக மினுங்கியது. உள்ளே போகப் போக அது இரண்டாகப் பிரிந்தது. டொக்டர் மதாம் வலது பக்கம் திரும்பினார். இன்னும் கீழே போனார். அங்கே பாதை இல்லை. புது மீனின் செவுள் போலச் சிவந்த ஒரு சதை வழியை மூடிக்கொண்டு நின்றது.

அவர் அதை மெல்லத் தொட்டார். அவ்வளவுதான். திரை முழுக்க இரத்தம்.

அறையில் எல்லாருடைய குரலும் மாறியது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போவதை நெஞ்சு உணர்ந்தது. ஒரு துண்டுச் சதையை மட்டும் கிள்ளிக்கொண்டு குழாய் வெளியே வந்தது. நான் குனிந்து ஒரு கிண்ணத்துக்குள் இரத்தமாக இருமினேன்.

தொண்டை திரும்ப என்னுடையதான பிறகு டொக்டர் மதாம் வந்து கட்டிலோரம் இருந்து நீண்ட நேரம் பேசினார். லூர்து தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் ரத்தம். ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.”

“அவ இவ்வளவு நேரம் கதைச்சவ. நீங்கள் ரெண்டு வசனம் சொல்லுறியள். மிச்சம் எங்கை?”

லூர்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டியா இருக்கலாமோன்னு சந்தேகப்படறாங்கம்மா. சதைய டெஸ்ட்டுக்கு அனுப்பறாங்க.”

கட்டி என்றால் என்ன கட்டி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. “கட்டி இல்லை” என்றேன். “செல் துண்டு. அப்பிடியே சொல்லுங்கோ அவவுக்கு. என்ரை நெஞ்சுக்குள்ளை வெடிச்ச செல்லின்ரை இரும்புத் துண்டு இருக்கு.”

விரல்கள்

நான் பாரிஸுக்கு வந்த கதையை முன்னமே எழுதிவிட்டேன். முள்வேலி முகாமையும் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது இந்தக் காயத்தைத்தான். தாடையில் உள்ள தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் ‘விழுந்திட்டன்’ என்று சொல்லி முடித்துவிடுவேன்.

விழவில்லை. கடைசி யுத்தத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையில் சனம் நெரிந்து கிடந்த அந்த மணல் துண்டில், பதுங்குகுழிக்குள் இருந்தபோது பக்கத்தில் செல் விழுந்தது. மேலே அடுக்கியிருந்த பனங்குற்றி ஒன்று சரிந்து என் முகத்தில் அடித்தது. குழி இடிந்து மணல் என்மேல் விழுந்தது. வாயைத் திறந்து கத்தியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தது தறப்பாள் கூரைக்குக் கீழே. அதைத்தான் ஆஸ்பத்திரி என்றார்கள். தாடையைச் சுற்றித் துணிக் கட்டு. பக்கத்தில் கால் காயத்தோடு கிடந்த ஒருத்தி நடந்ததைச் சொன்னாள்.

“உன்னைக் கொண்டு வரேக்கை நீலமாய்க் கிடந்தனி. செத்துப் போனாய் எண்டு ஒரு பக்கத்திலை போட்டிட்டினம். ஒரு நேர்ஸ் பிள்ளைதான் வந்து பார்த்தது. விரலை உன்ரை தொண்டைக்குள்ளை விட்டு, மண்ணும் ரத்தமும் உடைஞ்ச பல்லுமாய் வழிச்சு வழிச்சு எறிஞ்சுது. நீ ஒருக்கா எக்கினாய். அதுக்குப் பிறகுதான் உனக்கு நிறம் வந்தது.”

அங்கே உறிஞ்சி எடுக்கும் கருவி இல்லை. நல்ல வெளிச்சம்கூட இல்லை. அந்தப் பெண்ணிடம் இருந்தது பத்து விரல்கள். கையுறை இருந்ததோ என்னவோ. நான் அவளைத் தேடினேன். அடுத்த நாள் அந்தத் தறப்பாள் ஆஸ்பத்திரியை இடம் மாற்றினார்கள். அவளுடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முகமும் தெரியாது.

இருமல் அந்தக் கிழமையே தொடங்கிவிட்டது. முகாமில் இருமல் பாணி தந்தார்கள். நான் இருமிக்கொண்டே முகாமுக்குள் இருந்தேன், இருமிக்கொண்டே வெளியே வந்தேன், இருமிக்கொண்டே பாரிஸில் வந்திறங்கினேன்.

கீழே போகமாட்டேன்

என் கணவர் செபமாலை எனக்கு முன்னமே பிரான்ஸுக்கு வந்தவர். ஓப்பேரா பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். எங்களுக்குப் பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஒரு சின்ன வீடு. லிப்ட் அடிக்கடி பழுதாகும். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைபிடியைப் பிடித்து இருமி, மூச்சு எடுத்துத்தான் மேலே போவேன். ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று இரண்டாம் மாடியில் இருந்தது. என் இருமல் கேட்டதும் கதவைத் திறந்து, வாசலில் ஒரு கதிரையை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கதிரை எனக்காகவே இருந்தது.

எனக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சிவபாதம் அண்ணை. மரக்கறி, மீன், அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் உள்ள கடை. நான் மன்னார்க் கடற்கரைக்காரி. அப்பா மீன் கூறி விற்பவர். அப்பாவுக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள், ஏலம் நின்றுவிடக் கூடாது என்று நான் ஏறி நின்று விலை கூறினேன். பெண்பிள்ளை கூறுவதா என்று சிலர் முகத்தைத் திருப்பினார்கள். மீன் முழுதும் விற்றது. அடுத்த நாளும் நான்தான் கூறினேன். அதைச் சொன்னதும் சிவபாதம் அண்ணை என்னை மீன் பக்கம் விட்டார்.

குளிர் தொடங்கியதும் இருமல் கூடிவிட்டது. நான் அறக்குளா மீனை வெட்டிக்கொண்டு நிற்க, வரிசையில் நின்ற பெண்கள் சால்வையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள், “கசம் போலை கிடக்கு. இஞ்சை மீன் வாங்கேலாது.”

கசம் என்றால் காசநோய். அதற்கு எனக்கு எல்லாச் சோதனையும் செய்திருந்தார்கள். இல்லை என்று சொல்லியும் விட்டார்கள். அதைச் சிவபாதம் அண்ணைக்குச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. சனத்துக்குத் தெரியாதெல்லோ. சனம் பயப்பிடுது. நீர் கொஞ்ச நாளைக்குக் கீழை காவிலை நிண்டு சாமான் அடுக்கும்.”

காவ் என்பது கடைக்குக் கீழே உள்ள நிலவறை. ஈரச் சுவர். வெங்காயம் அழுகிய மணம். நல்ல நெஞ்சுக்காரனே அங்கே நின்றால் இருமுவான்.

“நான் கீழை போகமாட்டன்” என்றேன். “எனக்கு வந்தது தொத்து வருத்தம் இல்லை. ஒளிச்சு வைக்கிறதுக்கு நான் என்ன களவே செய்தனான்? மேலை நிண்டுதான் இருமுவன்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“சனத்துக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி என்னை நிப்பாட்டுங்கோ.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னை வேலையிலிருந்து நிப்பாட்டினார். நான் ஏப்ரனைக் கழற்றி மீன் மேசையில் வைத்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நன்றாக, ஆறுதலாக, முழுதுமாக இருமிவிட்டு வெளியே வந்தேன். அந்த இருமலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

நினைவு நாறுமா?

வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் மெட்சான், அதாவது குடும்ப வைத்தியர், ஒரு ஆண். எக்ஸ்றே எடுத்தார். வலது நெஞ்சின் அடியில் வெள்ளையாகப் புகைபோல இருந்தது. சளிக்காய்ச்சல் என்றார். மருந்து தந்தார். சுகமானது. அடுத்த குளிருக்கு அதே இடத்தில் அதே புகை. திரும்பவும் மருந்து. திரும்பவும் வந்தது.

“செல் துண்டு” என்று நான் சொன்னேன். அவர் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரும்பு என்றால் பளிச்சென்று தெரியும், இதில் எதுவும் இல்லை. அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு உள்ளே இருந்த ஒன்றை நான் எப்படி இல்லை என்பது? வலது பக்கம் சரிந்து படுத்தால் ஏதோ ஒன்று விசில் அடிப்பது போல் மூச்சோடு சத்தம் போட்டது. செபமாலை காதை வைத்துக் கேட்டிருக்கிறார்.

பிறகு என்னை ஒரு மனோதத்துவப் பெண்ணிடம் அனுப்பினார்கள். அருமையான பெண். யுத்தத்தில் இருந்து வந்த பலரைப் பார்த்தவள். அன்றைக்கும் லூர்துதான் மொழிபெயர்த்தார்.

“சில சமயம் நினைவுகள் நெஞ்ச அடைச்சுக்குமாம்மா. சொல்ல முடியாத துக்கம் இருமலா வருமாம். அவங்க அப்படித்தான் சொல்றாங்க.”

“லூர்து அண்ணை, அவவிட்டை ஒண்டு கேளுங்கோ. நினைவு நாறுமோ?”

“என்னம்மா?”

“என்ரை சளி நாறுது. பச்சையாய் வருது. செத்த மீன் மாதிரி மணக்குது. துக்கம் எனக்கு இருக்கு. நிறைய இருக்கு. அதைப் பற்றி வேறை ஒரு நாளைக்குக் கதைப்பம். ஆனால் துக்கத்துக்கு இந்த மணம் இல்லை.”

லூர்து வழக்கம்போல மென்மையாக ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் மேசையில் கையை வைத்தேன். “சீனி போடாதேங்கோ. நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். செத்த மீனையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். அவள்தான் எனக்கு நெஞ்சு வைத்தியத்தில் பெயர்பெற்ற டொக்டர் மதாமிடம் ரான்டெவூ, அதாவது சந்திக்க நேரம், எடுத்துத் தந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செபமாலை தலையில் கைவைத்தார்.

“நீர் எல்லாரோடையும் சண்டை பிடிக்கிறீர். இஞ்சை நாங்கள் வந்தேறு குடி. பேசாமல் இருந்தால் என்ன?”

“பேசாமல் இருந்தால் செத்துப்போவன்” என்றேன்.

அவர் அதற்குப் பிறகு அப்படிச் சொன்னதில்லை.

வாயில் என்ன இருந்தது?

இப்போது அந்தச் சதைத் துண்டுக்கு வருகிறேன். சோதனையில் அது புற்றுநோய் இல்லை என்று வந்தது. புண்ணைச் சுற்றி வளரும் சதை, அவ்வளவுதான். செபமாலை ரூ பஜோல் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தார். நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் அவர் அந்தக் கிழமை எந்த வாசலையும் விட்டு வைக்கவில்லை.

சந்தோஷம் அரைமணித்தியாலம்தான். டொக்டர் மதாமோடு ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் இருந்தார். உயரமான மனிதர். அவர் ஒரு தாளில் சுவாசப்பையைக் கீறி, வலது பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கோடு போட்டார். அந்தப் பகுதி திரும்பத் திரும்பக் கிருமி பிடித்துப் பழுதாகிவிட்டது, வழியும் அடைபட்டுவிட்டது, வெட்டி எடுப்பதுதான் நல்லது என்றார். லூர்து அதைச் சீனி போடாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செபமாலை என் கையைப் பிடித்தார். அவருடைய கை சவர்க்காரத்தில் ஊறி வெடித்த கை.

“அந்தச் சதைக்குப் பின்னாலை என்ன இருக்கு?” என்று நான் கேட்டேன்.

சத்திரசிகிச்சைக்காரர் தோளைக் குலுக்கினார். பார்க்க முடியவில்லை, தொட்டாலே இரத்தம் வருகிறது என்றார்.

“பாக்காமல் வெட்டுறதோ? உள்ளுக்கை ஒண்டு இருக்கு எண்டு நான் மூண்டு வரியமாய்ச் சொல்லுறன். அதைக் காணாமல் நான் வெட்ட விடமாட்டன். கண்டு, அப்பவும் வெட்டத்தான் வேணும் எண்டால் வெட்டுங்கோ. நான் மறிக்கமாட்டன்.”

டொக்டர் மதாம் தன் கதிரையை இழுத்து என் முழங்கால் முட்டும் அளவுக்குக் கிட்ட வந்தார். அவர் கேட்டதை லூர்து சொன்னார்.

“அடிபட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேந்து சொல்லுங்கங்கறாங்க. செல்ல விட்டுடுங்க. உங்க முகத்துக்கு என்ன ஆச்சு, அத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். பனங்குற்றி, மணல், தறப்பாள், விரல் விட்டு வழித்த நேர்ஸ், எல்லாம். உடைந்த பல் என்று வந்ததும் டொக்டர் மதாம் கையை உயர்த்தினார்.

“எத்தனை பல்லும்மா போச்சு?”

“கீழை ரெண்டு. மேலை முன்னுக்கு ரெண்டு. மேலை உள்ளது என்ரை பல்லில்லை. கட்டுப்பல்.”

“பல்செட்டா?”

“ஓம். சின்னன். ரெண்டு பல்லு, றோஸ் தட்டோடை.”

அந்தப் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். ஒரு போட்டியில் பந்துக்குப் பாய்ந்தபோது எதிரணிக்காரியின் முழங்கை என் முன்பல் இரண்டையும் எடுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன். தோற்றுத்தான் போனோம். அப்பா என்னை மன்னார் டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பல் கட்டுவித்தார். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. கம்பி கிடையாது. பல்லும் அதே பிளாஸ்டிக் சாதிதான். நாளடைவில் அது என் பல் இல்லை என்பதையே மறந்துவிட்டேன்.

லூர்து மொழிபெயர்த்து முடித்ததும் டொக்டர் மதாம் பேனையைக் கீழே வைத்தார். அவர் சத்திரசிகிச்சைக்காரரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார்.

“அந்தத் தட்டு கெடச்சுதாம்மா?”

“இல்லை. மண்ணிலை போச்சு எண்டு நினைச்சன்.”

“பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதாம்மா” என்றார் லூர்து. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

இரும்புக் குழாய்

டொக்டர் மதாம் ஒளிக்காமல் பேசினார். இன்னும் ஒரு முறை பார்க்கலாம். ஒரே ஒரு முறை. இந்தத் தடவை மயக்க மருந்து தந்து, வாய் வழியாக நேரான இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள்ளால் இடுக்கியை விட வேண்டும். அதற்கு முன்னால் சில நாட்கள் வீக்கம் வற்ற மருந்து குடிக்க வேண்டும். சதை சுருங்கினால் பின்னால் இருப்பது தெரியலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம். இழுக்கும்போது நிற்காமல் இரத்தம் வந்தால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். அப்போது கேட்டுக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

செபமாலை வேண்டாம் என்றார். வெட்டினால் உயிருக்கு உத்தரவாதம் கூட, ஒரு பக்கத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னை ஒருமுறை இழந்துவிட்டதாக நினைத்து மாதக் கணக்கில் இங்கே தனியாக இருந்தவர் அவர். பெயர் விவரம் எதுவும் வராமல், செத்தவர்களின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர்.

“இஞ்சேருங்கோ” என்றேன். “மண்ணுக்குள்ளை இருந்து வந்தனான். இதுக்கு நான் பயப்பிடமாட்டன். ஆனால் இருக்கிறதை இருக்கு எண்டு காட்டாமல் என்னை வெட்டினால், நான் கடைசி மட்டும் விசரியாய், பைத்தியக்காரியாய்த்தான் இருப்பன். அது எனக்குச் சரிவராது.”

அவர் நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “சரி, உம்மடை நெஞ்சு” என்றார்.

சத்திரசிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் டொக்டர் மதாம் வந்து என் தாடையைத் தடவிப் பார்த்தார், தழும்பு உள்ள இடத்தில். ஏதோ சொன்னார். லூர்து கொஞ்சம் நிதானித்துத்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“அந்த நர்ஸு விரலுக்கு எட்டினத எல்லாம் எடுத்துட்டாங்களாம்மா. அதான் நீங்க இருக்கீங்களாம். எட்டாதத நாங்க எடுக்கறோம்ங்கறாங்க.”

நான் அதுவரை அழவில்லை. அங்கே அழுதேன்.

கண் விழித்தபோது தொண்டை முழுக்க எரிந்தது. கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்த் தடவினேன். வெட்டு இல்லை. கட்டு இல்லை. வலது பக்கம் சரிந்து படுத்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். விசில் இல்லை.

டொக்டர் மதாம் தொப்பியோடும் முகத்தில் முகமூடி அழுத்திய கோட்டோடும் வந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அதைக் குலுக்கினார். கடகடவென்றது. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

என் பெருவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்தது. கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரேயொரு பல்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று வருடமாக நான் ஒரு இரும்புத் துண்டை வெறுத்துக்கொண்டிருந்தேன். அதை அனுப்பியவனை, அது பாய்ந்த வானத்தை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்ததோ அப்பா கட்டித் தந்த பல்.

செபமாலை குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உம்மடை பல்லே உம்மைக் கடிச்சிருக்கு” என்றார். சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். நான் சிரித்தேன். சிரித்தால் தொண்டை நொந்தது. நொந்தால் என்ன என்று சிரித்தேன்.

வீட்டுக்குப் போக முன்னம் சிவபாதம் அண்ணை ஒரு பை தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் இருக்காமல் நின்றுகொண்டே பேசினார்.

“தங்கச்சி, சுகமானாப் பிறகு வாரும். மேலைதான்.”

“இன்னும் கொஞ்சம் இருமுவன் அண்ணை. குளிருக்கு வருமாம். பழுதாப் போன இடம் முழுக்கச் சரிவராதாம்.”

“இருமும்” என்றார். “சனத்துக்கு நான் சொல்லுறன்.”

கண்ணாடிப் பெட்டி

அந்தக் குப்பி எங்கள் குசினி அலுமாரித் தட்டில் கொஞ்ச நாள் இருந்தது. செபமாலை சாப்பிடும்போது அதற்கு முதுகைக் காட்டி இருப்பார். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துப் பார்த்தேன். அது என்னோடு பேச எதுவும் இல்லை. எனக்கும் அதோடு பேச எதுவும் இல்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ரூ காயில் கதை பரவிவிட்டது. மீன் வாங்க வருகிறவர்கள் ‘அந்தப் பல்லு’ பற்றிக் கேட்பார்கள். ஒரு நாள் கலைச்செல்வன் என்ற ஒருவர் வந்தார். யுத்தத்தில் இறந்தவர்களுக்கான நினைவு நிகழ்வுகளை, ரூ காய் இருக்கும் லா சப்பல் பகுதியில் ஒழுங்கு செய்பவர்களில் ஒருவர். நாற்பது வயதிருக்கும், மரியாதையான ஆள்.

“அக்கா, இந்த முறை மண்டபத்திலை ஒரு கண்காட்சி வைக்கிறம். அங்கையிருந்து வந்த சாமான்கள். உடுப்பு, செருப்பு, செல் துண்டு. உங்கடை அந்தப் பல்லையும் தந்தியள் எண்டால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கலாம்.”

“குப்பையிலை போட்டிட்டன்.”

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. “என்னக்கா! அது ஒரு சாட்சியெல்லோ!”

பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“தம்பி, நான் உயிரோடை இருக்கேக்கை ஏன் என்ரை பல்லைக் கூப்பிடுறியள்? பல்லுக்கு வாய் இருக்கே கதைக்கிறதுக்கு? சாட்சி வேணுமெண்டால் எனக்கு ஒரு மைக் தாங்கோ.”

அவர் யோசித்தார். “நிகழ்ச்சி நிரலிலை நேரம் இல்லை அக்கா. பேச்சாளர் எல்லாம் முடிவாப் போச்சு. ஐஞ்சு நிமிசம் வேணுமெண்டால் ஒதுக்கலாம்.”

“தாங்கோ” என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மெழுகுவர்த்தியும் கார்த்திகைப் பூப் படமும். செபமாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டாம் வரிசையில் இருந்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் எழுதி வைத்து, பெரிய பெரிய சொற்களாகப் பேசினார்கள். நான் பெயர் தெரியாத ஒரு நேர்ஸைப் பற்றித் தொடங்கினேன். அவளுடைய விரல்களைப் பற்றி. செத்தது என்று ஒதுக்கிப் போட்ட ஒரு உடம்பிடம் அவள் ஏன் குனிந்தாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் உயிரோடு இருந்தால், இந்த மண்டபத்துக்கு அவளைத் தெரிந்த யாராவது வந்திருந்தால், அவள் வழித்தெடுத்த தொண்டை இது, இந்தா கேளுங்கோ, இது அந்தத் தொண்டையின் சத்தம் என்று சொன்னேன்.

அந்தத் தறப்பாள் கூரையைச் சொன்னேன். பக்கத்தில் கிடந்தவளைச் சொன்னேன். நடுவில் ஒரு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

மேடையோரம் நின்ற கலைச்செல்வன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் விட்டு இரண்டு கையையும் சேர்த்து, முடியுங்கோ அக்கா என்று கும்பிட்டார்.

நான் மேசையில் இருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தேன். மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தேன். “அதுக்கு அடுத்த நாள்...” என்று தொடங்கினேன்.